பாண் வானும் வீடுதான்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு ஒருவர் பாண் வாங்க வந்தார்.

நான் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தேன். சாரமும் பெனியனுமாக ஒரு நடுத்தர வயது மனிதர். ஒரு காலை மணலில் ஊன்றிக்கொண்டு, சைக்கிளில் இருந்தபடியே கையை நீட்டினார்.

"ரெண்டு றாத்தல் தாங்கோ."

"என்ன ரெண்டு றாத்தல்?"

"பாண்தான். வேறென்ன?"

"இது வீடு, ஐயா."

அவர் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நீளவாட்டிலும் ஒரு பார்வை. நீலப் பெயின்றுக்குக் கீழே பேக்கரியின் பழைய மஞ்சள் எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிகிறது. எத்தனை தரம் பூசினாலும் அது மேலே வந்துவிடுகிறது.

"வீடெண்டால் ஏன் பாண் எண்டு எழுதிக் கிடக்கு?"

"உங்கட சாரத்திலயும்தான் என்னவோ சீல் குத்திக் கிடக்கு. அதுக்காக உங்களைப் புடவைக்கடை எண்டு சொல்லலாமோ?"

நல்ல மனிதர். சிரித்துவிட்டார். சைக்கிளைத் திருப்பினார். கொஞ்சத் தூரம் போய், மனம் கேட்காமல் திரும்பி வந்தார்.

"குறை நினைக்காதேங்கோ. உள்ளுக்கு ஆர் இருக்கிறது?"

"நான்."

"வேற?"

"நான்தான்."

மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போய்விட்டார். அனுதாபமாக அடித்தாரா, பயத்தில் அடித்தாரா... தெரியவில்லை.

அந்த 'வேற?' இருக்கிறதே, அதை நான் ஓர்ஸ் ஹில் வாடகை அறையில் கேட்டிருக்கிறேன், பஸ் நிலையத்தில் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன். பாண் வானில் குடியிருப்பது அவ்வளவு பெரிய அதிசயம் இல்லையாம். ஒரு பெண் தனியாகக் குடியிருப்பதுதான் அதிசயமாம்!

ஒருமுறை இந்தப் பத்திரிகைப் பத்தியில் போகிற போக்கில் என் வான் வீட்டைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அன்று தொடக்கம் உங்களில் பலர் கேட்கிறீர்கள் — வானை எப்படி வீடாக்குவது, வெக்கை தாங்குமா, குசினி எங்கே வைப்பது என்று. சொல்கிறேன். ஒழுங்காகவே சொல்கிறேன். ஆனால் ஏன் ஆக்கினேன் என்பதை முதலில் சொல்லாவிட்டால், எப்படி ஆக்கினேன் என்பது விளங்காது.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் அப்பா வீடு கட்டத் தொடங்குவார். கலியாணத்தன்று அந்த வீடு அவளுக்குச் சீதனம். என் அப்பாவும் எனக்கென்று ஒரு வீடு கட்டினார். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் கிடையாது. நடக்கவில்லை, அவ்வளவுதான். தங்கை வசந்திக்கு நடந்தது. வீடு அவளுக்குப் போயிற்று. நான் மனமார ஓம் என்று சொல்லித்தான் போயிற்று.

நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து இருந்தேன். நல்ல இடம். துறைமுகத்துக் கப்பல்கள் தெரியும். பிறகு வீட்டுக்காரரின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. அந்த இரண்டு அறைகளும் சீதன வீட்டில் அடக்கம். மிகுந்த மரியாதையோடு வந்து சொன்னார்கள். நானும் மிகுந்த மரியாதையோடு பெட்டியைக் கட்டினேன்.

மற்றவர்களுடைய கலியாணங்களுக்காக ஒருத்தி எத்தனை தரம் வீடு மாறுவது?

"பின் அறை சும்மாதானே கிடக்கு அக்கா, வந்து இருங்கோவன்" என்றாள் வசந்தி. அன்பாகத்தான் சொன்னாள். போய்ப் பார்த்தேன். நெல் மூட்டைகள், காலுடைந்த தொட்டில், ரயர் இல்லாத ஒரு சைக்கிள்... அவற்றுக்கு நடுவில், எனக்கென்று அப்பா கட்டிய வீட்டில், எனக்கு ஒரு கட்டில்.

நான் மனையியல் ரீச்சர். குசினி எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், கழிவு நீர் எப்படி வெளியேற வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தே பாதி வயது போய்விட்டது. கரும்பலகையில் நான் கட்டிய வீடுகளை எல்லாம் நிலத்தில் இறக்கினால் திருகோணமலை இன்னும் ஒரு மடங்கு பெருத்திருக்கும். எனக்கு மட்டும் ஒரு மூட்டை வைக்கும் அறையா?

சல்லிக் கிராமத்தில் அம்மா வழியில் வந்த ஒரு துண்டுக் காணி கிடந்தது. கடற்கரை மணல். கல்வீடு கட்டலாம் என்றால் சீமெந்துக்குப் பெர்மிற், கம்பிக்குப் பெர்மிற், பெர்மிற் எடுக்க இன்னொரு பெர்மிற். அப்போதுதான் அந்த வான் என் கண்ணில் பட்டது. ஒரு பேக்கரிக்குப் பின்னால் எஞ்சின் செத்துப்போய் நின்றது. உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஒரு கோழி குடியிருக்கலாம் என்றால்...

விலை கேட்பதற்கு முன்னம் உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்தேன். பேக்கரிக்காரர் ஓடி வந்தார்.

"என்னம்மா? தலைச்சுத்தோ? சோடா கொண்டரவோ?"

"இல்லை. கால் நீட்டேலுமோ எண்டு பாக்கிறன்."

அவருடைய முகத்தை விடுங்கள். வான் வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் செய்யவேண்டிய வேலை இதுதான். வானை அளக்காதீர்கள், உங்களை அளவுங்கள். படுத்து அளவுங்கள். நின்று தலை வாரிக்கொண்டு அளவுங்கள். குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டு அளவுங்கள். என் வானுக்கு நடுவில் ஒரு வெறும் இடம் உண்டு. அங்கே ஒரு பொருளும் கிடையாது. பார்க்கிறவர்கள் இடத்தை வீணாக்கிவிட்டேன் என்கிறார்கள். அது சேலை கட்டுகிற இடம்! கொசுவம் மடிக்க முழங்கை எவ்வளவு விரியவேண்டும் என்று எந்த ஆண்பிள்ளையின் பிளானிலாவது குறித்திருக்கிறார்களா?

அடுத்தது வெக்கை. தகரக் கூரைக்குக் கீழே கச்சான் காற்று அடிக்கிற கோடை மாதங்களில் இருப்பதும் பாண் சுடுகிற போறணைக்குள் இருப்பதும் ஒன்றுதான். அதற்கு நான் செய்தது இது: தகரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சட்டம் அடித்து, அதன்மேல் தென்னோலைக் கிடுகு வேய்ந்தேன். கிடுகு தகரத்தில் முட்டக்கூடாது. இடையில் காற்று ஓடவேண்டும். முட்ட வைத்தால் வெக்கையும் இறங்கும், கறையானும் இறங்கும். பார்வைக்குக் குடை பிடித்த பாண் வான்தான். இருக்கட்டும். குடை பிடித்தவர்களுக்கு வேர்க்காது.

மூன்றாவது பாரம். தண்ணீர்ப் பீப்பா, புத்தகம், அரிசி என்று பாரமானது எல்லாம் கீழேயும், இரண்டு பக்கமும் சமமாகவும். சிறிய இடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வேலை கொடுக்கவேண்டும். என் கட்டிலுக்கு அடியில்தான் அலுமாரி. குசினி மேசையை மடித்தால் பின் கதவு. செத்த எஞ்சினைக் கழற்றிய இடத்தில் வெங்காயமும் தேங்காயும். காற்றோட்டமான இடம், பழுதாகாது. ஆனால் ஒரு பொருளுக்கு மட்டும் ஒரே வேலை கொடுத்தேன். எழுதுகிற மேசை. அதில் யாரும் காய்கறி நறுக்கக்கூடாது, நான் உட்பட. முழுவதும் சிக்கனமாக இருக்கிற வீட்டில் இருக்கலாம், வாழ ஏலாது.

இவ்வளவையும் வரைந்து கொடுத்தேன். செய்து தந்தவர் மீராசா ஓடாவியார். கிண்ணியாக்காரர், வள்ளம் கட்டுகிற தச்சர். அப்போது சல்லிக் கரையில் ஒரு வள்ளம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுத் தச்சர்கள் இரண்டு பேர் வானைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன பிறகுதான் அவரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. சண்டை பிடித்தார்.

"அலுமாரிக் கதவுக்குக் கொளுக்கி போடாம விடவா?"

"ஏன் கொளுக்கி? இது ஓடாது ஓடாவியார். தரையில நிக்கிறது."

"கடல் எழும்பினா?"

"கடல் எங்க கிடக்குது, வான் எங்க நிக்குது!"

"வரமாட்டன் எண்டு கடல் ஒங்களுக்கு எழுதித் தந்திரிக்கா ரீச்சர்?"

கொளுக்கி போட்டார். எல்லாவற்றுக்கும் போட்டார். இரும்பு ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. உப்புக் காற்றுக்கு நிற்காது என்று பித்தளைதான். வானின் அடி வயிறு முழுக்கத் தார் பூசினார். அதெல்லாம் அருமையான வேலை. யாரும் பின்பற்றலாம்.

பிறகு தளம். பலகைத் தளம் போட்டார். இடுக்கு இடுக்காகப் பஞ்சைத் திணித்தார். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் ஊற்றினார். ஊற்றியது போதாதென்று நாலு சுவரிலும், பின் கதவடியில் வைத்த மறிப்புப் பலகையிலும், ஒரு சாண் உயரத்துக்கு அதையே ஏற்றினார். வள்ளத்துக்குச் செய்கிற அதே வேலை.

"இனிக் கேளுங்க. கீழால ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வந்தா எண்ட பேர மாத்திக் கூப்பிடுங்க."

எனக்குப் பரம சந்தோஷம். எறும்பு வராது, பூரான் வராது, பாம்பு வராது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். பின் மூலை மட்டும் ஒரு நூல் பதிந்திருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

யன்னல் வைத்தது நான். அது கச்சான் காலம். தரையிலிருந்து நெருப்பு மாதிரிக் காற்று. கடல் பக்கம் ஒரு பெரிய யன்னல் வைத்தால் பின்னேரத்தில் குளிர்ந்த காற்று வரும் என்று கணக்குப் பார்த்தேன். நன்றாகப் பெரிதாக வைத்தேன். வடகிழக்குப் பக்கம்.

திருகோணமலைக்காரர்கள் இதை வாசித்துவிட்டு இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். வாடைக்காற்று எங்கே இருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் பிறந்தவள். தெரியும். ஆனால் கச்சான் வெக்கையில் நிற்கிற எவருக்கும் மாரி மழை என்று ஒன்று இருப்பது நம்பிக்கைக்கு வராது. ஆகவே வான் வீட்டுக்காரர்களே, ஒரு பருவத்தில் மட்டும் நின்று வீட்டை அளக்காதீர்கள்.

குடி போனேன். பால் காய்ச்சினேன். வசந்தி வந்தாள். பாலைக் குடித்தாள். கட்டில், அலுமாரி, வெங்காயம் இருக்கிற எஞ்சின் பெட்டி எல்லாவற்றையும் பார்த்தாள். அழுதாள்.

"உங்களுக்கு விசரோ அக்கா? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைச்சு முடியட்டும். நான் இஞ்ச இருக்கிறன்."

"மாரி வந்தால் என்ன செய்வியள்?"

"வரட்டும்."

"சரி. ஒரு மாரி மழை பாப்பம். உள்ளுக்குத் தண்ணி வந்துதெண்டால் நீங்கள் பேசாமல் என்னோட வாறியள். ஓமோ?"

"ஓம்."

"சொல்லு மாறக்கூடாது."

"நான் எப்ப மாறினனான்?"

ஓடாவியாரின் குங்கிலியம் தந்த தைரியம். வேறென்ன?

மாரி வந்தது. முதல் மழை தூறிவிட்டுப் போனது. இரண்டாவது கொஞ்சம் சத்தம் போட்டது. மூன்றாவது மழை பின்னேரமே தொடங்கியது. வாடை அதைத் தூக்கிக் குறுக்காக அடித்தது. யன்னல் பலகையை இழுத்துக் கொளுக்கியை மாட்டினேன். ஒழுகவில்லை. கட்டிலில் படுத்து, கிடுகில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டபடி, நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

விடிய எழும்பி நிலத்தில் காலை வைத்தேன். கணுக்கால் வரை தண்ணீர்.

என் செருப்பு ஒன்று கட்டிலைச் சுற்றி மிதந்து வந்துகொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பாடக் கொப்பிகள் நல்லவேளை மேசைக்கு மேலே. வடகிழக்கு யன்னலின் விளிம்பால் இரவு முழுக்கத் தண்ணீர் கசிந்திருக்கிறது. கசிந்த தண்ணீர் எங்கே போவது? சாதாரணப் பலகைத் தளம் என்றால் இடுக்கால் இறங்கி மணலுக்குப் போயிருக்கும். இது மீராசா ஓடாவியாரின் தளம்! ஒரு சொட்டுக்கூட வெளியே போக வழியில்லை.

வள்ளத்தில் தண்ணீர் வெளியே நிற்கவேண்டும். வீட்டில் தண்ணீர் வெளியே போகவேண்டும். இந்த வித்தியாசம் அவருக்கும் நினைவு வரவில்லை. கழிவு நீர் பற்றி வருஷா வருஷம் பாடம் எடுக்கிற எனக்கும் நினைவு வரவில்லை.

அலுமினியச் சட்டியை எடுத்து இறைக்கத் தொடங்கினேன். நாலு சட்டி ஊற்றியிருக்க மாட்டேன். வெளியே கார் சத்தம்.

வசந்திதான். வாடகைக் கார் பிடித்து, குடையோடு வந்திருந்தாள். பின் கதவில் நின்று உள்ளே பார்த்தாள். செருப்பு அவளைக் கடந்து மிதந்து போனது. அது மறு சுற்று வரும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி வந்திட்டுது."

"ஓம். வந்திட்டுது."

"அப்ப நீங்கள் தோத்திட்டியள்."

"ஓம். தோத்திட்டன்."

"பெட்டியைக் கட்டுங்கோ."

"மாட்டன்."

அவள் குடையை மடக்கினாள். மழை தலையில் விழுவதுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

"என்ன கதை இது? சொல்லு மாறமாட்டன் எண்டனீங்கள்!"

"எண்டனான். இப்ப மாறிறன்."

வாசகர்களே, உங்களுக்கு என்னைத் தெரியும். இந்தப் பத்தியை ஒரு கிழமைகூடப் பிந்திக் கொடுத்ததில்லை. கடன் வாங்கிய ஊசியைக்கூட நூல் கோத்துத்தான் திருப்பிக் கொடுப்பேன். சொன்ன சொல்லை மாற்றியது எனக்கே புதிது. ஆனால் கணுக்கால் தண்ணீரில் நின்றபோது ஒன்று மிகத் தெளிவாக விளங்கியது. அந்தப் பந்தயத்துக்கு நான் ஓம் சொன்னதே பிழை.

"வசந்தி, போன மாரிக்கு உன்ர பின் அறை ஒழுகினதோ இல்லையோ?"

"அது... ஓடு விலகினது."

"நெல்லு மூட்டையெல்லாம் விறாந்தைக்குத் தூக்கினனீங்கள். நானும் வந்து பிடிச்சனான்."

"அதுக்கு?"

"அண்டைக்கு ஆராவது வந்து, உன்ர வீடு ஒழுகுது, பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கட வீட்டுக்கு வா எண்டு சொன்னவையோ?"

வசந்தி மடக்கிய குடையைப் படியில் தட்டினாள்.

"மேசனைக் கூப்பிட்டு ஓடு மாத்தினியள். அப்பிடித்தானே? வீடு ஒழுகினால் ஒழுக்கை அடைக்கிறது. ஆளை மாத்திறேல்லை. ஊரில ஒழுகாத வீடு எது? எல்லாரும் ஒழுக ஒழுக இருக்கலாம், என்ர வீடு மட்டும் ஒரு சொட்டு ஒழுகினால் வீடில்லையோ?"

தூரத்தில் கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். "அம்மா, நான் நிக்கவோ, போகவோ?"

"நில்லுங்கோ!" என்றாள் வசந்தி. "போங்கோ!" என்றேன் நான். அந்த மனிதர் எஞ்சினை நிறுத்தினார், திரும்பப் போட்டார், திரும்ப நிறுத்தினார்.

வசந்தி படியில் ஏறி உள்ளே வந்தாள். தண்ணீரில் நின்றாள். குரல் இறங்கிவிட்டது.

"சனம் உங்களைக் கதைக்காது அக்கா. என்னைத்தான் கதைக்கும். அக்கான்ர வீட்டில தான் இருந்துகொண்டு, அக்காவைப் பாண் வானுக்குள்ள விட்டவள் எண்டு."

அக்கான்ர வீடு. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அன்றுதான் கேட்டேன். இத்தனை வருஷமும் அதை எங்கே வைத்திருந்தாள்? பின் அறையில், மூட்டைகளுக்குப் பின்னாலா?

அதற்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"அது உன்ர வீடு வசந்தி. நான் மனமாரத் தந்தனான். திருப்பிக் கேக்கேல்லை, கேக்கவும் மாட்டன். ஆனால் இது என்ர. இதுக்குள்ள கணுக்கால் மட்டும் தண்ணி நிண்டாலும் அது என்ர தண்ணி."

"நல்ல தண்ணி!" என்றாள். பிறகு சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். என் கையிலிருந்த சட்டியைப் பறித்தாள். "தள்ளி நில்லுங்கோ. இறைக்கிற வடிவைப் பார்! இப்பிடி இறைச்சால் தைப்பொங்கலுக்கும் முடியாது."

கோபத்தோடுதான் இறைத்தாள். முதல் சட்டித் தண்ணீர் கார் வரைக்கும் போனது.

அந்த நேரம் பார்த்து மீராசா ஓடாவியார் வந்தார். தலையில் ஒரு உரச்சாக்கு, கையில் ஆயுதப் பெட்டி. நேரே உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"பாத்தீங்களா ரீச்சர்! ஒரு சொட்டு வெளிய போகல்ல!"

வசந்தி சட்டியோடு நிமிர்ந்தாள். "ஐயோ, இவர் ஆர் அக்கா?"

"ராத்திரி முழுக்க நிண்டிரிக்கி. அப்பிடியே நிக்குது! எண்ட கையால கட்டின வள்ளத்தில கூட இப்பிடி நிண்டதில்ல."

"ஓடாவியார்" என்றேன், "துறப்பணத்தைத் தாங்கோ."

"எதுக்கு?"

"தளத்தில துளை போடவேணும்."

மனிதர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "துளையா? தளத்திலயா? ரீச்சர், எண்ட வாப்பாவும் ஓடாவி, அவர்ட வாப்பாவும் ஓடாவி. எங்கட பரம்பரையில தளத்தில ஓட்ட போட்டவன் ஒருத்தனும் இல்ல. கரையில பாத்திட்டு நிக்கிற ஆக்கள் நாளைக்கு எனக்கு வள்ளம் தருவாங்களா?"

"நீங்கள் போடவேண்டாம். நான் போடுறன்."

"பொம்பிளப்புள்ள கையால வேற!"

"இது வள்ளமில்லை ஓடாவியார். வீடு. தண்ணி போகவேணும்."

கொஞ்ச நேரம் தளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியைத் திறந்தார். துறப்பணத்தை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பார்க்க மனம் வரவில்லையாம்.

ஒரு நூல் பதிந்திருந்த அந்தப் பின் மூலை, அங்கேதான் வைத்தேன். முழங்காலில் நின்று, முழுப் பாரத்தையும் கொடுத்துத் திருகினேன். குங்கிலியம் லேசில் விடுமா? கை கன்றிப்போயிற்று. வசந்தி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். திடீரென்று கை இலகுவாயிற்று. துறப்பணத்தை உருவினேன். தண்ணீர் ஒரு சுழி சுழித்து, குழந்தை உறிஞ்சுவது மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கியது.

அதைக் கேட்டு ஓடாவியார் திரும்பினார். கதவடியில் குனிந்து சுழியைப் பார்த்தார்.

"ஒண்டு காணாது" என்றார் கடைசியில். "மற்ற மூலையிலயும் ஒண்டு போடுங்க. எலி வராம வல அடிச்சுத் தாறன்."

தளத்தில் வடிகால் வையுங்கள், அதற்கு வலையடித்து மூடி வையுங்கள். இது இந்தப் பத்தியிலேயே மிக விலை கூடிய ஆலோசனை.

யன்னல் விஷயம் மீதி இருந்தது. வாடை நிற்கிறவரை அது கசியத்தான் செய்யும். அடைப்பதா, பலகை அடிப்பதா என்று நானும் ஓடாவியாரும் அடுத்த சண்டைக்கு ஆயத்தமானோம். வசந்திதான் கேட்டாள்.

"ஏன் அக்கா, வீட்டைத் திருப்பேலாதோ?"

மனையியல் படித்தது நான். வள்ளம் கட்டுவது அவர். வீட்டைத் திருப்பலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை!

கடல் கொந்தளிப்பில் தொழிலுக்குப் போகாமல் கரைவலைக்காரர்கள் ஒரு கொட்டிலுக்குள் ஒதுங்கியிருந்தார்கள். கேட்டதும் வந்தார்கள். சில்லுக்குக் கீழே பலகை போட்டார்கள். வள்ளத்தைக் கரையேற்றுகிற அதே தாளத்தில் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் தள்ளினார்கள். வாடகைக் கார்க்காரரும் இறங்கி வந்து தோள் கொடுத்தார். சும்மா நிற்கிற நேரத்தில் என்ன செய்வது என்றார். என் வீடு முனகிக்கொண்டு அரை வட்டம் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது. பெரிய யன்னலில் இப்போது பனங்கூடல். கச்சான் தொடங்கும்போது மறுபடி கடலைப் பார்க்கத் திருப்பிக்கொள்ளலாம்.

கரைவலைக்காரர்களில் மூத்தவர் ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப வாசல் எந்தத் திசை எண்டு சாத்திரி கேட்டா என்ன சொல்லுவீங்க ரீச்சர்?"

"எந்த மாசம் எண்டு கேட்டுப் போட்டுச் சொல்லுறன்."

யாராவது வானை வீடாக்கினால் சில்லைக் கழற்றாதீர்கள். ரயருக்குக் காற்றும் அடித்து வையுங்கள். எங்கேயும் போவதற்கு இல்லை. இருக்கிற இடத்திலேயே நின்று, எதிர்த்து வருகிற காற்றுக்கு முதுகைக் காட்டுவதற்கு.

எல்லோருக்கும் பிளேன் ரீ ஊற்றினேன். ஓடாவியார் வெளியே கிடுகின் கீழே ஒதுங்கிக் குந்தினார். வசந்தி உள்ளே, ஈரத் தளத்தில், நான் சேலை கட்டுகிற வெறும் இடத்தில் நின்று குடித்தாள். கையை இரண்டு பக்கமும் விரித்துப் பார்த்தாள்.

"இதில நிண்டு சேலை கட்டலாம் போல கிடக்குது."

"கட்டலாம்."

"என்ர வீட்டில அறைக்குள்ள இவ்வளவு இடமில்லை. கட்டில் இடிக்கும்."

நான் பிளேன் ரீயை ஊதிக் குடித்தேன். வென்றவர்கள் பேசக்கூடாது. தோற்றுவிட்டு வென்றவர்கள் பேசவே கூடாது.

அதற்குப் பிறகு இரண்டு மாரி வந்து போய்விட்டன. ஒழுகியதா? ஒழுகியது. ஒரு முறை கூரை மூலையால், ஒரு முறை பின் கதவால். அடைத்தேன். இனியும் ஒழுகும். இனியும் அடைப்பேன்.

வசந்தி இப்போதும் வருகிறாள், பின் அறை சும்மாதான் கிடக்கிறது என்று இப்போதும் சொல்கிறாள். வாடகைக்கு விடச் சொல்லியிருக்கிறேன். யாருக்காவது தேவையென்றால் போய்ப் பாருங்கள்... ஒழுகும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.